ராங்கியின் சீம்பால்

பெண்குதிரை ராங்கி மூன்றாவது முறையாகக் குட்டி போட்டிருந்தாள். முதல் இரண்டும் ஆசை ஆசையாய்ப் பால் குடித்து, கண் மஞ்சளாகிச் செத்துப்போயின. இந்தத் தடவை குதிரை டாக்டர் முன்கூட்டியே ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்: தாய்ப்பால் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

அதனால்தான் லாயக்காரி, நிற்கவே தள்ளாடும் குட்டியின் வாயில் வலைக்கூடை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“பெத்தவ பாலு எப்படிடி விஷமாகும்?” என்று பொருமினான் புருஷன். “நம்ம புள்ளைக்கு அப்படியா ஆச்சு?”

“நம்ம புள்ளைக்கு நோயைத் தாங்குற சக்தி என் வயித்துக்குள்ள இருக்கும்போதே கிடைச்சிடுச்சாம். குதிரைக்கு மொத்தமும் சீம்பால்லதான் வருமாம். ராங்கி உடம்பு குட்டியோட ரத்தத்தைப் பகையாளியா நினைச்சு அடிக்குது. அந்த அடி பால் வழியா இறங்கிடும்.”

“அப்ப சீம்பாலே குடுக்காம விட்டா?”

“சாதாரணச் சளியே அள்ளிட்டுப் போயிடும். அதான் டாக்டர் வேற குதிரையோட சீம்பாலுக்கு ஓடியிருக்காரு. ரெண்டு நாள் போனா குட்டியோட குடல் கதவைச் சாத்திக்கும், எதுவும் ரத்தத்துல ஏறாது, அப்புறம் இவ பாலையே குடிக்கலாம். அதுவரைக்கும் சும்மா இருங்க.”

டாக்டரைக் காணோம். குட்டி கூடையோடு மடியை முட்டி முட்டிக் கத்தியது. பாட்டில் கழுவ வெந்நீர் எடுத்து வரப் போனவள் திரும்பியபோது கூடை புருஷன் கையில் இருந்தது. குட்டியின் வாய் காம்பருகில்!

“அடப்பாவி மனுஷா!”

பாய்ந்து குட்டியை இழுத்தாள். “குடிச்சுதா?”

“தெரியலைடி... அது கத்துறதைக் காது கொடுத்துக் கேக்க முடியலை.” அவன் கண் கலங்கியிருந்தது. கெட்டவனில்லை, அந்த இளகின மனசுதான் வம்பே.

அதற்குமேல் அவள் யாரையும் நம்பவில்லை. குட்டியைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய்த் தாழ் போட்டாள். ராங்கி பலகையை உதைத்த உதையில் கூரையே அதிர்ந்தது. டாக்டர் கொண்டுவந்த சீம்பாலை, குட்டியின் தலையைத் தன் மடியில் வைத்துப் புகட்டினாள். அடிக்கடி குட்டியின் இமையை விலக்கிப் பார்த்தாள்.

இரண்டு நாள் போயும் கண்ணில் மஞ்சள் ஏறவில்லை. “பிழைச்சுக்கிச்சு, தாய்கிட்ட விடுங்க” என்றார் டாக்டர்.

கதவு திறந்ததும் தொண்டை கட்டிய குரலில் ராங்கி கனைத்தாள். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாயக்காரியின் சட்டை நுனியைச் சப்பத் தொடங்கியது.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததற்காகவே வெட்கமாக இருந்தது. “போடா, உங்கம்மா அங்க இருக்கா!” தள்ளினாள், அது திரும்பவும் வந்தது.

“நீங்க நிக்கிற வரைக்கும் அது அங்க போகாதும்மா” என்றார் டாக்டர்.

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிச் சுவருக்குப் பின்னால் நின்றாள். அழுகை முட்டியது. “குடிக்குதா?”

“உன்னைத்தான் தேடுது... இரு, இரு... ராங்கி நக்குறா...” புருஷன் கத்தினான். “காம்பைப் பிடிச்சுக்கிச்சுடி! ஓடியா, வந்து பாரேன்!”

ஓரடி எடுத்து வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் வரலை, போங்க” என்றாள்.