பழுப்பு ஜோடி

ஒயர்காரருக்கு வலது முட்டி காலையிலேயே வீங்கிவிட்டது. ஏணியில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி. காலைத் தரையில் ஊன்றினால் உள்ளே யாரோ மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருந்தது. வீட்டில் கிடந்தால் முட்டி தேறும், அடுப்பு எரியாது. பழைய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, நொண்டி நொண்டிக் கிடங்குக்கு வந்து சேர்ந்தார்.

உறைந்த மீனும் கறியும் பெட்டி பெட்டியாக வந்து தங்கி, லாரியேறிப் போகிற குளிர்க்கிடங்கு அது. கம்ப்யூட்டர், போன், கேமரா என்று அங்கே ஒயர் ஓடுகிற இடமெல்லாம் அவர் கைபட்டதுதான். பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் யாருக்கும் இல்லை. வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரைக்கும் அவர் ஒயர்காரர்.

அன்றைக்கு லாரி அனுப்பும் அறையில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. அதற்கு உயிர் இருந்தது, மாடி ஆபீசோடு பேச்சுவார்த்தைதான் இல்லை. மாடியிலிருந்து ஆர்டர் இறங்கினால்தான் இங்கே சீட்டு அடிக்க முடியும். சீட்டு இல்லாத லாரி வாசலைத் தாண்டாது. சரக்கை ஏற்றி முடித்த லாரிகள் தெரு முக்கு வரை நின்று உறுமிக்கொண்டிருந்தன. டிரைவர்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டு கிளார்க்கின் பரம்பரையையே விசாரித்தார்கள்.

கிளார்க்குக்கு 'சீல்' என்று பட்டப்பெயர். மேசை அதிர முத்திரை குத்துவதால் வந்தது. ஒரு காதில் போன், மறு காதில் டிரைவர்கள் என்று மாட்டிக்கொண்டு முழித்தான்.

"வாங்கண்ணே, சாமி மாதிரி வந்தீங்க. ஒயர் புடுங்கியிருக்குன்னு எழுதிக் காட்டுது. நானும் நாலு தடவ புடுங்கிப் புடுங்கி மாட்டிட்டேன்."

"நீ தொட்டியா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்துக்க."

வெளியே நின்ற டிரைவர் ஒருவர் சிரித்தார். "ஒயர்காரரே, அவனையும் புடுங்கி மாட்டிப் பாருங்க. ஒருவேள வேல செய்வான்."

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை அந்தப் பக்கம் போனான். ஒயர்காரரின் தங்கை புருஷன். தடித்த குளிர்ச் சட்டை, கையில் பனிக்கட்டி சுரண்டுகிற நீளமான தகடு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"மச்சான், முட்டி என்ன சொல்லுது?"

"ஏணியப் பாத்தாலே அழுவுது மாப்ள. உனக்கு இன்னிக்கு எங்க?"

"பின் ஃப்ரீசர்தான். தரையெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்கு. சுரண்டிட்டு சாப்பாட்டுக்கு வந்துடறேன். உங்க தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கா. எனக்கு முன்னாடி டப்பாவத் தொறந்துராதீங்க."

"நீ மெதுவா வா. உன் பங்குல பாதி எனக்கு வந்துரும்."

சிரித்துக்கொண்டே போனான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் ஒயர்காரர்தான். தறி ஓடாமல் மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்தவனை மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைத்திருந்தார்.

பின் ஃப்ரீசர் என்றால் யாருக்கும் கொஞ்சம் பயம் உண்டு. அதன் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. சாத்திக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். குளிர் வெளியேறுகிறதே என்று சூப்பர்வைசர் கத்துவார். யாராவது கட்டையை உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் நடக்கிறதுதான். அதற்காகவே உள்ளே சுவரில் ஒரு பட்டன் வைத்தார்கள். அமுக்கினால் மாடி ஆபீசில் மணி அடிக்கும், ஆள் இறங்கி வந்து திறந்துவிடும். அந்த மணி வந்தபிறகு கட்டையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மணியை மாட்டியவரும் ஒயர்காரர்தான்.

மாட்டிய விதம் அவருக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியும். ஒரு நெட்வொர்க் ஒயரை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. அந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டருக்கு இரண்டு ஜோடி போதும், மற்ற இரண்டும் சும்மா தூங்கும். மணிக்குத் தனி ஒயர் கேட்டபோது மேனேஜர், "இருக்கறத வச்சு ஓட்டுய்யா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். ஒயர்காரர் ஓட்டினார். ஃப்ரீசரிலிருந்து வந்த பட்டன் கம்பியை லாரி அறைச் சுவர்ப் பெட்டிக்குள் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் ஒயரில் தூங்கிக் கிடந்த பழுப்பு ஜோடியோடு முறுக்கி, மேலே மணிவரை அனுப்பிவிட்டார். அப்புறம் ஒருநாள் ஆரஞ்சு ஜோடி அறுந்தது. நீலத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அடுத்த மாசம் மட்டும் வரவேயில்லை.

இப்போது பையைத் திறந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒயர் செருகும் இடத்தில் விளக்கு செத்துக் கிடந்தது. சுவரிலிருந்து வருகிற குட்டி ஒயரை மாற்றினார். விளக்கு எரியவில்லை. மாடிக்கு ஏறி, எல்லா ஒயர்களும் வந்து சேர்கிற ஸ்விட்ச் பெட்டியில் வேறு ஓட்டைக்கு மாற்றிச் செருகிவிட்டு இறங்கினார். எரியவில்லை. தன் லேப்டாப்பை எடுத்துச் சுவரில் நேரடியாகச் செருகிப் பார்த்தார். அதுவும் ஊமையாகவே இருந்தது.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்ல," என்றார். "வழியில எங்கயோ அடி."

"வைரஸ் ஏதாச்சும் இருக்குமோண்ணே?"

"உன் மூளைக்கு வேணா இருக்கும்."

ஒயரைச் சோதிக்கிற டெஸ்டரின் ஒரு பாதியைக் கீழே செருகிவிட்டு, மறுபாதியோடு மறுபடி மாடி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். டெஸ்டரில் எரிய வேண்டிய நாலு விளக்கில் இரண்டுதான் எரிந்தது. பச்சை ஜோடியும் போய்விட்டது. எலியோ ஈரமோ, மேற்கூரைக்குள் எங்கோ தின்றிருக்கிறது. புது ஒயர் இழுக்க வேண்டும் என்றால் ஏணி போட்டு, கூரைப் பலகைகளைக் கழற்றி, குப்புறப் படுத்து ஊர்ந்து போக வேண்டும். அரைநாள் வேலை. ஒயரும் கையில் இல்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்தார், தீயாகச் சுட்டது.

மேனேஜர் மாடி வாசலில் நின்று கத்தினார். "யோவ், மீன் இளகுது. உன் டெஸ்டர வச்சு நான் மீனக் குளிர வைக்கவா?"

மிச்சமிருந்தது பழுப்பு ஜோடி ஒன்றுதான்.

ஒயர்காரர் யோசிக்காமல் இல்லை. பழுப்பை எடுத்தால் மணி செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே யார் இருக்கிறான் என்பதும் தெரியும். மாலைவரைக்கும்தானே, லாரிகள் போகட்டும், சாயங்காலம் புது ஒயர் வாங்கி வந்து மணிக்கு இழுத்துவிடலாம், உள்ளே இருப்பவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். கீழே வந்து சுவர்ப் பெட்டியைத் திறந்தார். மணிக்கம்பியைப் பிரித்தெடுத்து, பழுப்பு ஜோடியைப் பச்சை இருந்த இடத்தில் அழுத்தினார்.

பின் ஃப்ரீசர் நீண்ட நடையின் அந்தக் கோடியில் இருக்கிறது. நடுவில் ஈரம் சொட்டும் படிகள் வேறு. மாடிக்கோ இன்னும் ஒருமுறை ஏற வேண்டியிருந்தது. இரண்டும் இந்தக் காலுக்கு ஆகாது. அவர் கிளார்க்கின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மணி இப்ப வேல செய்யாது. பின் ஃப்ரீசர்ல நம்ம மாப்ள இருக்கான். ஆள அனுப்பிச் சொல்லிரு. கட்டையப் பாத்துக்கச் சொல்லு."

கிளார்க் போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். முதுகைத் திருப்பியபடியே ஒரு கையை உயர்த்தினான். சரி என்பதற்கும் அப்படித்தான் உயர்த்துவான், சும்மா இருங்கள் என்பதற்கும் அப்படித்தான். ஒயர்காரர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு படியேறினார்.

மேல்முனையையும் மாற்றிச் செருகியதும் விளக்கு பச்சையாகச் சிமிட்டியது. கீழே பிரிண்டர் கடகடவென்று சீட்டைத் துப்பியது. கிளார்க் முத்திரை குத்தும் சத்தம் மாடிவரை கேட்டது. லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கிண்டலடித்த டிரைவர் போகும்போது ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் டீ சொன்னார். ஒயர்காரர் காலை நீட்டி உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார். வேலை முடிந்தபின் குடிக்கிற டீக்கு ஒரு தனி ருசி. அதை அவர் அனுபவித்தார் என்பதும் உண்மை.

சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்கு வந்தார். தங்கை கட்டிக் கொடுத்த டப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். பெட்டி தூக்குகிறவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். கூடம் காலியாகத் தொடங்கியது.

தரை துடைக்கிற அம்மா டப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னும் தொறக்கலியா? உங்க மாப்ள எங்க?"

"வருவான். வேல முடியலபோல."

"பின்னாடி யாருமில்லியே. கதவு சாத்தித்தான் இருக்கு. கட்ட நடையில கெடந்துச்சு, தடுக்கி விழப் பாத்தேன். நான்தான் எடுத்து ஓரமா வச்சேன்."

ஒயர்காரர் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. நடையில் ஓடினார். முட்டி மடங்கி ஈரப்படியில் விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடினார். அந்த ஓட்டத்தைக் காலையில் நடையாக நடந்திருக்கலாம். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தார். வெள்ளைப் புகையாகக் குளிர் முகத்தில் அடித்தது.

மாப்பிள்ளை கதவுக்குப் பக்கத்திலேயே சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். புருவமும் மீசையும் வெளுத்திருந்தன. கையுறை தரையில் கிடந்தது. தடித்த கையுறையோடு அந்தச் சின்னப் பட்டனை அமுக்க முடியாது. வெறுங்கையைப் பட்டனைச் சுற்றியிருந்த உலோகப் பட்டியில் ஊன்றிக் கட்டைவிரலால் அமுக்கியிருந்தான். இப்போதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தான். கையை எடுத்தபோது தோல் பட்டியோடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையில் சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணை என்று ஒன்று நடந்தது. கட்டையை உதைத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சூப்பர்வைசர் தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். மேனேஜர் ஒயர்காரரைப் பார்க்காமல் சொன்னார்: "மணி நிறுத்தறப்போ சொல்லணும்ல? சொன்னியா?"

"கிளார்க்கிட்ட சொன்னேன்."

அந்த ஒரு வரியோடு விசாரணை முடிந்தது. பழி விழ ஓர் இடம் கிடைத்துவிட்டது. கிளார்க்கைச் சீட்டுக் கிழித்து அனுப்பினார்கள். அவன் வாசலில் ஒயர்காரருக்காகக் காத்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, சத்தியமா எங்காதுல விழல. போன்ல அந்தாள் கத்திட்டிருந்தான். என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களா?"

"சொன்னேன் தம்பி."

"மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களாண்ணே?"

ஒயர்காரர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தார். அவர் சொன்னது ஒரு முதுகிடம். அது அவருக்கும் தெரியும்.

இப்போது மணிக்குத் தனி ஒயர் வந்துவிட்டது. ஃப்ரீசர் கதவுக்குப் புதுக் கைப்பிடியும் வந்தது. கம்ப்யூட்டர் இன்றைக்கும் அந்தப் பழுப்பு ஜோடியில்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை வீடு திரும்பிய பிறகு ஒயர்காரர் போய்ப் பார்த்தார். தங்கை அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கப் பார்த்தான்.

"இனிமே என் பங்குலயும் நீங்களே தின்னலாம் மச்சான். எனக்கு மெதுவாத்தான் எறங்குது."

ஒயர்காரர் காலை நீட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த சீல் பய சொல்லியிருந்தா அப்பவே வெளிய வந்திருப்பேன்," என்றான் மாப்பிள்ளை. "கதவு சாத்துனதும் நான் பயப்படவே இல்ல மச்சான். தகட்ட வச்சுக் கதவத் தட்டியிருக்கலாம். தட்டல. ஓடி ஆடிச் சூடு பண்ணியிருக்கலாம். அதுவும் பண்ணல. எங்க மச்சான் மாட்டுன மணி, எப்படியும் அடிக்கும்னு அமுக்கிக்கிட்டே நின்னுட்டேன். மாடில ஆளில்லபோல, இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு..."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒயர்காரர் வாயைத் திறந்தார். "வலி இருக்கா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அவன் பதில் சொல்லி முடிக்கும்முன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போய்விட்டார். அரிசி கொண்டுபோய்ப் போட்டார், மருந்து வாங்கிக் கொடுத்தார், பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினார். அதெல்லாம் கணக்கில் சேராது. மணிக்கம்பியைப் பிடுங்கியது நான், நடக்கச் சோம்பி உன்னிடம் வந்து சொல்லாமல் விட்டதும் நான் என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் அவனுக்குத் தர வேண்டிய கடன் அது. இன்னும் தரவில்லை.