எரித்த இடம் எது?

நாட்டின் கரிப்புகையைக் கணக்கெடுப்பது என் வேலை. இந்த வருஷம் வெட்டிய நிலக்கரி இரண்டு மடங்கு. புகை மட்டும் பாதியாம். எங்கேயோ இடித்தது.

"எப்படி சார்?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"படிவத்தைப் பாரும்மா. 'எரித்த இடம்'னுதான் இருக்கு. நாம வெட்டிக் கப்பல்ல ஏத்துறதோட சரி. வாங்கி எரிக்கிறவங்க எழுதிக்குவாங்க."

யார் காதில் பூ சுற்றுகிறார்? நிலக்கரியை வாங்கும் நாட்டில் இதே வேலை பார்க்கிற அக்கா வீட்டுக்காரருக்கு உடனே போன் போட்டேன்.

"அத்தான், எங்க கரியோட புகையை உங்க கணக்குல எழுதிட்டீங்களா?"

"நாங்க எதுக்கு எழுதணும்? கரி உங்களோடதாச்சே!"

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை.