மத்தியானச் சேதி

மத்தியான வானொலியில் தன் சேதி வாசிக்கப்பட்ட பிறகுதான் ஓட்டிலியாவுக்கு ஆற்றின் நினைப்பு வந்தது. "மலை மேய்ச்சலில் இருக்கும் பௌதிலியோவுக்கு. அம்மாவுக்கு முடியவில்லை. உடனே புறப்பட்டு வரவும். அக்கா." பத்தகோனிய மலைக்குள் இருப்பவர்களுக்கு வேறு எப்படிச் சொல்லி அனுப்புவது? மத்தியானம் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் வாசிப்பார்கள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தம்பி கேட்டிருப்பான். கேட்ட கையோடு குதிரைக்குச் சேணம் போட்டிருப்பான்.

பக்கத்துப் பண்ணை எலெயுத்தேரியோ வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"புத்தி எங்கம்மா போச்சு? ராத்திரி வாசிக்கச் சொல்லியிருந்தா, விடியக்காலைல தண்ணி வடிஞ்சப்ப கடந்திருப்பான். இப்ப பொழுது சாயுறப்பல்ல துறைக்கு வந்து நிப்பான்!"

"அம்மா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு அண்ணே. எனக்கு ஒண்ணும் ஓடல."

ஜனவரி, இந்தத் தென்கோடியில் கோடை வெயில். பனிமலையில் பகலெல்லாம் உருகுவது சாயங்காலம்தான் இங்கே வந்து சேரும். காலையில் குதிரையின் முழங்காலை நனைக்கிற ஆறு, அந்நேரம் குதிரையையே உருட்டிக்கொண்டு போய்விடும். அவளுக்குத் தெரியாததா? பதற்றத்தில் கோட்டை விட்டாள்.

அம்மாவுக்கு எலெயுத்தேரியோவைத் துணை வைத்துவிட்டுப் பொழுது சாயும் நேரம் துறைக்கு ஓடினாள். ஆறு வெளுத்துப் புரண்டுகொண்டிருந்தது. அடியில் பாறைகள் உருளும் சத்தம் காலில் ஏறியது. அக்கரையில் தம்பி. கத்தினாள், அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. போ, போ என்று கையால் விரட்டினாள். அவன் மாட்டேன் என்று தலையாட்டி, வீட்டுப் பக்கம் கை காட்டிவிட்டு, மிரண்ட குதிரையைத் தண்ணீருக்குள் தள்ளினான். தெரிந்தேதான் இறங்குகிறான், பாவி. குதிரையின் நெஞ்சுவரை தண்ணீர் ஏறிவிட்டது.

ஓட்டிலியா மண்டியிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிணத்துக்கு வைப்பதுபோல இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே வைத்து, கண்ணை மூடினாள்.

திறந்தபோது அவன் தொப்பியைக் கழற்றியிருந்தான். குதிரையை வந்த கரைக்கே திருப்பினான். அவனைத் திருப்ப, உயிரோடு இருக்கிற அம்மாவைக் கையசைவிலேயே கொன்றுவிட்டாள்.

வீட்டில் அம்மா விழித்திருந்தாள்.

"வந்துட்டானா?"

"அக்கரைக்கு வந்துட்டாம்மா. தண்ணி நெறய ஓடுது. காலைல வருவான்."

காலைவரை தாங்காது என்பது இருவருக்கும் தெரியும். அம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். "கதவத் தெற" என்றாள்.

மங்கும் வெளிச்சத்தில், ஆற்றுக்கு அப்பால் கற்களுக்கு நடுவே நெருப்பு எரிந்தது. பக்கத்தில் ஒருவன் தலையில் தொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"தீ போட்டிருக்கான்," என்றாள் அம்மா. "அப்பக் குளிராது."