பாறைக்கு முட்டுக் கொடுத்தவர்கள்

எங்கள் பூங்காவில் கோங் ஆற்றங்கரை நெடுக நிற்கும் பாறையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பன்றி வயிற்றுக் கறியில் சதையும் கொழுப்பும் மாறி மாறி இருக்குமே, அப்படி இருக்கும். ஒரு வரி ஈரல் நிறம், ஒரு வரி மஞ்சள், நடுவில் சாம்பல் கோடு. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அதைக் கழுவுகிறவன் நான். எனக்குக் குமட்டும்.

வரிகளுக்கு இடையில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? பாறைச் சாமிக்கு வைத்த சிவப்பு சோடா வழிந்து, எறும்பு மொய்த்து, வெயிலில் பிசினாகி இருக்கும். அவித்த முட்டை அழுகிக் கிடக்கும். ஒட்டரிசிச் சோறு தின்றவர்கள் விரல் துடைக்கத் துணி தேடுவதில்லை. பாறையில் தேய்த்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் குழந்தையின் பீத்துணியை ஒரு பொந்தில் சுருட்டிச் சொருகியிருந்தார்கள். என்னவென்று தெரியாமல் கையை விட்டு எடுத்தேன். அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது குச்சி. ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய பலகைப் பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கீழே இருந்த பொரபொரத்த வரியை ஆறு தின்றுவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இப்படி ஒரு பாறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. குச்சியை ஒடித்து அடியில் முட்டுக் கொடுப்பார்கள். பாறையைத் தாங்கினால் முதுகு வலிக்காது, ஆயுசு கெட்டி என்பார்கள். சுள்ளி கனத்தில் வைத்தவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டே பெருக்கினேன்.

கெடுத்தவன் என் மச்சினன் தொங்டீ. காய்ந்த மரத்தில் மணிக்கட்டு கனத்துக்குக் கட்டை சீவி, தங்கப் பூச்சு அடித்து, வாசலில் விற்க ஆரம்பித்தான். மரச்சுத்தியலும் இரவல் கொடுத்தான். வந்தவர்கள் அடியில் நிறுத்தி வைப்பதோடு விடவில்லை. பாறையின் வரிக்குள்ளேயே அடித்து இறக்கினார்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆயுசாம்.

நான் பதினேழு வருஷம் கல்குவாரியில் கிடந்தவன். வெடி வைக்கக் கூடாத இடத்தில் கல்லை எப்படிப் பிளப்போம்? வரி பார்த்துக் காய்ந்த மர ஆப்பை அடிப்போம், தண்ணீர் ஊற்றுவோம், வீட்டுக்குப் போய்விடுவோம். மரம் ஊறி உப்பும். மறுநாள் வந்தால் கல் இரண்டாகக் கிடக்கும். இங்கே தண்ணீர் ஊற்ற ஆள்கூட வேண்டாம். மழை தொடங்கினால் ஆறு தானே ஏறும்.

அந்தப் பலகைப் பாறையின் நிழலில்தான் என் மனைவி லம்யை அடுப்பு வைத்துக் கோழி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

பூங்கா அதிகாரியிடம் சொன்னேன். “குச்சியைத் தொட்டா சனம் என்னை உரிச்சிடும்யா. நீ எறும்பைப் பாரு, போதும்” என்றார். அவர் பெயர் எழுதிய கட்டையும் அங்கே இருந்தது.

லம்யையிடம் சொன்னேன்.

“அடுப்பைப் புளியமரத்தடிக்கு மாத்து.”

“ஏன், அங்க உன் தங்கச்சியா வந்து கோழி வாங்கப் போறா?”

“பாறை விழும்டி.”

“இத்தனை கட்டை தாங்கி நிக்குது. எப்படி விழும்?”

“தாங்கலை. பொளக்குது.”

“குச்சி போயி பாறையைப் பொளக்குதாம். குவாரித் தூசியத் தின்னு தின்னு உன் மூளையும் கல்லாயிடுச்சு.” கோழியைத் திருப்பிப் போட்டாள். “என் முதுகு வலி நின்னதே அந்தக் கட்டையாலதான்.”

முதுகு வலி நின்றது, தண்ணீர்க் குடத்தை நான் தூக்க ஆரம்பித்ததால். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பத்து நாள் இப்படியே போனது. பிறகு ஆறு ஒரே ராத்திரியில் இரண்டு சாண் ஏறி, கீழ்வரிக் கட்டைகள் நனைந்துவிட்டன. பாறையில் காதை வைத்தேன். உள்ளே ‘டிக்’ என்றது. குவாரியில் அந்தச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவோம்.

மதியம், அத்தனை பேர் பார்க்கக் கட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் சோடாப் பிசினோடும் செத்த எறும்போடும் வந்தது. தங்கப் பூச்சு என் கையில் சளி மாதிரி ஒட்டியது.

“மாமா, ஒவ்வொண்ணும் ஒருத்தர் உசுரு” என்று தொங்டீ ஓடி வந்தான். “பிடுங்கினா அவங்க கதி?”

“உங்க அக்கா கதியைப் பாருடா முதல்ல.”

கூட்டத்தில் பருத்த பெண் ஒருத்தி, “அண்ணே, எங்க மாமியாரோடதை மட்டும் பிடுங்கிக்கங்க, என்னுதை விட்டுடுங்க” என்றாள். சிரித்தார்கள். ஒருவன் என் முதுகில் சோளக் கொண்டையை எறிந்தான்.

சிவப்பு நூல் கட்டியது லம்யையுடையது. அதையும் பிடுங்கினேன். நனைந்த கீழ்வரிக் கட்டைகள் மட்டும் வரவில்லை. ஊறிப்போய், பாறையோடு பாறையாக நின்றன. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

லம்யை எழுந்து வந்து வெறும் பொந்துகளைப் பார்த்தாள்.

“இனி இதைத் தாங்க என்ன இருக்கு? இதுக்கடியில எவ உக்காருவா?”

கரியை ஆற்றில் கொட்டினாள். அடுப்பைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். பத்து நாள் சொல்லி நகராதவள் ஐந்து நிமிஷத்தில் நகர்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. போகிற போக்கில், “இன்னையிலேர்ந்து என் சோத்துல கைய வைக்காதே” என்றாள்.

மூன்றாம் நாள் காலை, வாசல் திறக்கும் முன்னே பாறை விழுந்தது. ஊறிய கட்டைகள் இருந்த கோட்டில், கத்தியால் அறுத்த மாதிரி. பிளந்த முகத்தில் கட்டைகள் உப்பி நின்றதைக் கையால் தொட்டுக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

“முட்டுக் கட்டையைப் பிடுங்கினாரு, விழுந்துச்சு” என்றான் தொங்டீ. அதிகாரி தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் ஊரே அதைச் சொன்னது. லம்யை உயிரோடு இருக்கிறாள் என்பதை யாரும் சொல்லவில்லை, அவளும்.

மறுநாள் பவுடர் டப்பாவோடு வந்துவிட்டார்கள். புதுசாகப் பிளந்த கல்லில் பவுடரைத் தேய்த்தால் லாட்டரி நம்பர் தெரியுமாம். வியர்வையும் பவுடரும் குழைந்து பிளந்த முகம் முழுக்க வெள்ளைச் சீழ் மாதிரி வழிந்தது. முன்வரிசையில் லம்யை முழங்கை வரை பூசிக்கொண்டு நின்றாள். நாலு நாளாகப் பேசாதவள் திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க வா. இது ஏழா, ஒண்ணா?”

அவள் அடுப்பு இருந்த இடத்தில் பாறை ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலை.”

“கண்ணும் போச்சு” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பவுடர் கொட்டித் தேய்த்தாள். நான் வாளியை எடுக்கப் போனேன்.