சட்டிக்கு ஒரு சேலை

சவப்பெட்டியை ஒட்டி இருந்த பூச்சட்டியின் உறை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. யசோதினி குனிந்து அதைச் சரிசெய்தாள். சாவு வீட்டில் யாரும் கவனிக்காத விஷயம்தான். ஆனால் உறை கோணலாக நிற்பதை அம்மா பொறுக்கமாட்டாள். தையல் சுவர்ப்பக்கம் போகவேண்டும், முகம் ஆள்பக்கம் வரவேண்டும். பழகிய கை தானாகவே உறையைத் திருப்பியது. பாதியில் அந்தக் கை நின்றுவிட்டது.

விரல் நுனியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியை மடிப்புக்குள் செருகிய முடிச்சு. அப்படி முடிகிற ஒரே ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் ஒரு சாண் தள்ளி, பெட்டிக்குள், மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள்.

யசோதினி உறையின் விளிம்பை மெல்ல விலக்கிப் பார்த்தாள். உள்ளே, சட்டியோடு ஒட்டிக்கொண்டு, பொன்னிறக் கரை. வாயைச் சுற்றித் தாமரை இதழ்போல மடிந்து விழவேண்டிய துணி, மண்ணுக்குள் மடங்கிக் கிடந்தது. உறையைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். வெளியே தெரிந்தது வெள்ளை உள்துணியும் பிசிறடித்த தையல் ஓரங்களும்தான். பெட்டியின் இரண்டு பக்கமும் இருந்த எல்லாச் சட்டிகளும் அப்படித்தான் வெள்ளையாக நின்றன.

இந்த உறைகள் பல்லேகலவில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கவேண்டியவை. அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"என்னாடி அங்க குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்க?" பெரியம்மா நல்லம்மா பாயில் இருந்தபடியே கேட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தாலும் கண் மட்டும் ஓயவில்லை. "யாரு இந்தச் சட்டியெல்லாம் கொண்டாந்து வச்சது? உள்பாவாடையோட நிக்கிற மாதிரி நிக்குது. ஒங்கம்மா இருந்தா இத வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா?"

"மலர்ச்சாலைக்காரங்க கொண்டாந்தது பெரியம்மா."

"அதான பாத்தேன்."

யசோதினி எழுந்து வாசலுக்கு வந்தாள். அம்பிட்டியச் சரிவில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டின் இருபுறமும் கட்டிய வெள்ளைக் கொடிகள் நனைந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சாவுக்கான பெட்டி, அலங்காரமெல்லாம் தரும் மலர்ச்சாலையின் குணசேன தகரக் கொட்டகைக்கு அடியில், வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளை விரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, சிங்களம் கலந்த தமிழில் பேசிக்கொண்டே வந்தார்.

"அனே நங்கி, குறை ஒண்டும் இல்லதானே? நான் நல்ல செட் பார்த்துத்தான் கொண்டுவந்தது. உங்கட அப்பா ராஜரத்தினம் மாத்தயா எங்களுக்கு எவ்வளவு காலமா இந்த உறை தர்றார். அவர்ர வீட்டுக்கு வேற செட் வைக்க ஏலாது."

"இதெல்லாம் ஒங்களுக்குத்தான் தந்தாரா?"

"வேற யாருக்கு?" குணசேன சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார். "தங்கக் கரை மட்டும் கொஞ்சம் கரைச்சல். மரண வீட்டுக்குச் சரிவராதுதானே. அதுதான் திருப்பிப் போடுறது."

அவர் போய்விட்டார். யசோதினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் பெயர் புவனலெட்சுமி. அதுவரை தையல் மெஷினுக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது பாவாடைக்கும் தலையணைக்கும்தான். ஒருநாள் யாருடைய கல்யாணத்துக்கோ போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் துணியில் கோடு போடும் மாக்கட்டியை எடுத்துத் தரையில் வட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். "பூவெல்லாம் பட்டுக் கட்டிக்கிட்டு நிக்குது. கீழ சட்டி மட்டும் கறுப்பா, அம்மணமா நிக்குது. பாக்கச் சகிக்கலங்க."

சட்டிக்கு உறை தைப்பது லேசான வேலை இல்லை. மேலே அகலம், கீழே குறுகல். நேர்த்துணியைச் சுற்றினால் அடியில் சுருங்கித் தொங்கும். அம்மா பழுப்புத்தாளை வெட்டி, சட்டியைச் சுற்றி, பிரித்து, மறுபடி வெட்டினாள். பின்பக்கம் பொத்தான், கழற்றாமல் தண்ணீர் ஊற்ற. அடியில் கையகலத் திறப்பு, தண்ணீர் வடிய. அதை வாங்கக்கூடிய ஆள்தான் கிடைக்கவில்லை. யாரோ ஒருத்தி சாவு வீட்டுக்குக் கேட்டபோது அம்மா முகத்தில் அடித்ததுபோலச் சொல்லியனுப்பினாள்: "என் ஊசி நல்ல காரியத்துக்குத்தான் போகும்."

அதற்குப் பிறகுதான் அப்பா தன் த்ரீவீலை நிறுத்திவிட்டு ஒரு மாலையில் அந்த மண்டபத்து ஆர்டரைக் கொண்டுவந்தார்.

"சுவரு என்னா கலருங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சந்தனக் கலரு."

அந்தச் சந்தனத்துக்குப் பொருந்துகிற பொன்னைத் தேடி அம்மா கண்டியில் ஏறாத துணிக்கடை இல்லை.

உறைகள் சீர்செய்ய வீட்டுக்குத் திரும்பிவரும். அடியில் சேறு அப்பியிருக்கும். மடிப்புகளில் மெழுகு உறைந்திருக்கும். அம்மா மேலே தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மெழுகை எடுப்பாள். துணி சூடேறும்போது சாம்பிராணி மணக்கும். "பெரிய எடத்துக் கல்யாணத்துல மெழுகுதிரியெல்லாம் ஏத்துறாங்க போல" என்பாள். அப்பா த்ரீவீலைக் கழுவுவதற்கு எழுந்து போய்விடுவார். மண்டபத்தை ஒருதடவை பார்க்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. "கல்யாணத்துக்கா போறோம்? சட்டியப் பாக்கத்தானங்க?" ஒருமுறை பெயிண்ட் அடிக்கிறார்கள், ஒருமுறை பாதை மூடியிருக்கிறது என்று அப்பா தட்டிக்கழிப்பார். பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை ஒன்றுதான் மிஞ்சியது.

இப்போது அப்பா கொட்டகையைத் தாண்டி அவளிடம் வந்தார். ஆஸ்பத்திரி அலுவல்களை முடித்துவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் அவருடைய மைத்துனரே குணசேனவைக் கூப்பிட்டு ஏற்பாடெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே நுழைந்ததும் அப்பா முதலில் பார்த்தது பெட்டியை அல்ல, சட்டிகளை. யசோதினிக்கு அது இப்போதுதான் நினைவு வந்தது.

"புள்ள," அவர் குரலை இறக்கினார், "அந்த உறையில பெரியம்மா கைய வைக்காம பாத்துக்க."

"அம்மாகிட்ட மண்டபம்னு சொன்னீங்களே அப்பா."

அவர் உள்ளே பார்த்தார்.

"சந்தனக் கலருன்னு சொன்னேன்" என்றார். மேளக்காரர்கள் படியேறி வருவதைக் கண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பெரியம்மா தங்கையின்மேல் விரித்தாள். கரை சரியாக விழவில்லை என்று இரண்டுமுறை எடுத்துப் போட்டாள். வாய்க்கரிசி முடிந்தது. ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். படியில் திரும்பும்போது யாரோ "பாத்து, பாத்து, வழுக்குது" என்றார்கள். மேளம் வளைவைத் தாண்டி, மகியாவ மயானத்தை நோக்கி இறங்கித் தேய்ந்தது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

வீட்டைக் கழுவவேண்டும். மஞ்சள் தண்ணீரை வாளியில் கலக்கிவைத்துவிட்டுப் பெரியம்மா துடைப்பத்தை எடுத்தாள். "சட்டிகளத் தூக்கி வராந்தாவுல வையி. அந்தாளு வந்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

யசோதினி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனாள். வராந்தாவில் தனியாக இருந்தபோது முதல் உறையின் பொத்தானைக் கழற்றினாள். வெள்ளையை உள்ளே தள்ளிப் பொன்னை வெளியே எடுத்தாள். இதழ்களை விளிம்பின்மேல் மடித்துவிட்டாள். அடுத்ததையும் புரட்டினாள். அப்பா குளித்துவிட்டுப் படியேறி வரும்போது இவை இப்படியே வரிசையாக நிற்கட்டும். பெரியம்மா கேட்டாலும் கேட்கட்டும். அவர் வாயாலேயே சொல்லட்டும். துணி நனைந்து பாரமாக இருந்தது. அவள் கை அவசரப்பட்டது.

தலைமாட்டில் கடைசியாக வைத்திருந்த இரண்டு சட்டிகள் மிச்சம். அவற்றின் பொத்தானில் கையை வைத்தவள் நின்றாள்.

இவற்றில் பிசிறு இல்லை. தையல் ஓரம் மடித்து, மேலே பட்டை வைத்து மூடப்பட்டிருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் இதழ் இதழாகத் தையல் ஓடியிருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. உறையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் பொன்னிறக் கரையும் ஒழுங்காக இருந்தது. மறுபடி திருப்பினாள். இதில் எது உள்பக்கம் என்று சொல்லமுடியாது.

அம்மா கடைசியாகத் தைத்த சோடி. கால் வீங்கி மெஷினை மிதிக்க முடியாமல், கட்டிலில் சாய்ந்து கையாலேயே தைத்தாள். யசோதினி எரிச்சல்பட்டாள்.

"உள்ள யாரும்மா பாக்கப்போறா? சட்டியா பாக்கப்போகுது?"

"பாக்குறவங்க பாப்பாங்கடி."

"யாரு?"

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "அப்பாகிட்டக் கேட்டுறாத. அந்த மனுசன் பாவம்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று யசோதினி அன்றைக்குக் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு மருந்துக்கடை வேலைக்கு ஓடிவிட்டாள்.

உள்ளே பெரியம்மா தண்ணீரை வீசி ஊற்றும் சத்தம் கேட்டது. மஞ்சள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடிவந்து, சட்டிகளின் அடியைச் சுற்றிப் போயிற்று.

யசோதினி அந்த இரண்டு உறைகளையும் வெள்ளையாகவே விட்டாள். பிறகு பொன்னாக்கியவற்றை ஒவ்வொன்றாகப் பழையபடி வெள்ளைக்குத் திருப்பினாள். பிசிறுகளை முடிந்தவரை உள்ளே செருகினாள். எல்லாத் தையலையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அப்பா வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. குளித்த தலையிலிருந்து தண்ணீர் தோளில் சொட்டியது. மற்ற ஆண்கள் உள்ளே விளக்கைக் கும்பிடப் போனார்கள். அவர் கும்பிட்டுவிட்டு வந்து வராந்தாத் திண்ணையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமாட்டுச் சட்டிகளில் ஒன்று.

"பெரியம்மா ஏதும்..."

"ஒண்ணும் கேக்கல. தேத்தண்ணி குடிங்கப்பா."

அவர் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். குணசேனவின் வேன் பின்பக்கமாகப் படிக்கட்டடிக்கு வந்து நின்றது. அப்பா சட்டியைத் தூக்கிக்கொடுக்கிறவர்போல அதன்மேல் கையை வைத்தார். கட்டைவிரல் உறையின்மேல் ஓடியது, பிசிறைத் தேடி. ஒரு சுற்றுப் போய்வந்தது. நின்றது. இன்னொரு முறை, இந்தத் தடவை மெதுவாக, விளிம்போரமாகவே போனது.

கீழே குணசேன கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அப்பா சட்டியைத் தூக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.