தனலெட்சுமியின் பேரில்

லுணுகலையில் றவூப் முதலாளியின் புடவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தனலெட்சுமி அங்கேதான் கிடப்பாள். புதுத்துணி வாசம், இஞ்சி தட்டிப்போட்ட தேயிலைச் சாயத்தண்ணி, முதலாளியின் மகள் நளீராவின் வாய். கடைக்கு வந்துபோனவர்களையெல்லாம் நளீரா நடந்து காட்டுவாள். கங்காணி மீசை முறுக்குவதை அவள் செய்தால் தனலெட்சுமிக்கு வயிறு வலிக்கும். அது அறுபத்தெட்டாம் வருஷம். அவ்வளவு சிரிப்பு பிறகு எந்த வருஷத்திலும் வரவில்லை.

ஒரு நாள் நளீரா அவளுடைய சேலையை இரவல் கேட்டாள்.

"முதலாளி மகளுக்கு என் பழஞ்சேலை எதுக்கடி?"

"கட்டிப் பார்க்கத்தான். என்னமோ காஞ்சிப்பட்டு மாதிரிப் பேசுற."

கொடுத்தாள்.

சில மாதம் கழித்துத் தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது. பதுளை கிளினிக்கில் காசநோய்க்கு ஊசி போட்டுவந்த தனலெட்சுமி பாதியில் நின்றுவிட்டாளாம். தேடி வந்திருந்தார்கள்.

"நான் பதுளைக்கே போனதில்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் வந்தவர்.

மறுநாள் காலை வேலைக்கு வரிசை நிற்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா அவள் மகனை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தண்ணீர்ப் பீலியடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. பதுளைக்குப் போய், சுகம் என்று எழுதிய துண்டு வாங்கி வந்தால்தான் இனி வேலை.

அப்போதுதான் அவளுக்குச் சேலை நினைவுக்கு வந்தது. நேராகக் கடைக்குப் போனாள்.

"உன் சேலையக் கட்டிட்டுத்தான் கிளினிக்குக்குப் போனேன். பேர் கேட்டதும் உன் பேர்தான் வாயில வந்திச்சு, தனம். என் பேரச் சொல்லி, லுணுகலைக்குத் தெரிஞ்சா கலியாணம் நின்னுரும்."

"என் பேரு என்ன, உங்க கடைத் துணியா? கேக்காம கிழிச்சு எடுக்க?"

"கலியாண வீட்டுக்கு மாமிமார் வந்து நிக்கிறாங்க. வெளிய இறங்க ஏலாது. கலியாணம் முடிஞ்சதும் ஊசிக்குப் போறேன். சொல்லிடாதடி."

நளீராவுக்கு இருமல் வந்தது. முக்காட்டை வாயில் வைத்து எடுத்தாள். துணி சிவந்திருந்தது.

சொல்லமாட்டேன் என்றாள் தனலெட்சுமி.

பதுளையில் அவள் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டொக்டர் அவள் பேரில் இருந்த பழைய படத்தையும் புதியதையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மற்றதில் ஒன்றுமில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னாள்.

"பாதியில விட்டும் சுகமாயிருச்சு. நீ அதிர்ஷ்டக்காரி. இனி ஊசி வேணாம். உன் பேர்ல உள்ள மருந்து இன்னையோட நிப்பாட்டியாச்சு."

பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த கிழவர் எந்தச் சாமிக்கு நேர்ந்தாய் என்று கேட்டார்.

துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். நாளைக்குப் பெரட்டில் நிற்கலாம். மகன் பிள்ளைக் காம்பராவில் பால் குடிப்பான். பஸ் வந்தது. மிதிபலகையில் கால் வைத்தாள்.

கலியாணம் முடிந்து நளீரா அந்தச் சேலையில் வருவாள். அந்தப் பேரைச் சொல்வாள். உனக்குச் சுகமாகிவிட்டது, போ என்பார்கள். நளீரா அதை நம்புவாள். சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள்.

தனலெட்சுமி இறங்கித் திரும்பி நடந்தாள்.

"ஐயா, அந்தப் படத்துல இருக்கிறது என் நெஞ்சு இல்லீங்க."

"பின்ன யாரோடது?" என்றாள் தாதி.

பேரைச் சொன்னாள். கடையையும் சொன்னாள்.

கலியாணம் நின்றது. நளீரா ஒரு வருஷத்துக்கு மேல் பதுளைக்குப் போய்வந்தாள், தன் சொந்தப் பேரில். பிறகு வெலிமடையில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளும் உண்டு என்று தனலெட்சுமி கேள்விப்பட்டாள். யாரும் அவளைக் கடைக்கு வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இந்தத் தீபாவளிக்குத் துணியெடுக்க மருமகளோடு பசறை பஸ்ஸுக்கு நின்றாள்.

"லுணுகலை கிட்டத்தானே அத்தை? றவூப் கடையில நல்ல துணி இருக்காமே."

"அங்க சாயம் போகும்," என்றாள் தனலெட்சுமி.

அந்தக் கடைத் துணி ஒருநாளும் சாயம் போனதில்லை.