ஒரு கீறும் விழாமல்

யுத்தம் முடிந்தபின் பொலிஸிலிருந்து திரும்பி வந்த கைத்துப்பாக்கி அது. அதைக் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டி வைப்பது தோட்டக் காவலன் நஜாத்தின் வேலை.

"என்ட வாப்பாட சாமான். ஒரு கீறு வுழுந்தாலும் நீ பொட்டியக் கட்டு," என்று முதலாளி ஹாஜியார் சொல்லியிருந்தார். நஜாத்துக்கும் மனைவி பளீலாவுக்கும் தோட்டத்து அறையை விட்டால் வேறு வீடில்லை.

கழற்றிய பாகங்களில் கடைசியாக, துப்பாக்கியின் பக்கவாட்டில் வரும் சின்ன இரும்புப் பிடியைப் பூட்ட வேண்டும். வழுக்கினால் அது கறுப்புப் பூச்சை உரசிவிடும். நஜாத் அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி, மூச்சடக்கி அழுத்தினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. பிளாஸ்டரை உரித்துப் பார்த்தான். கீறலே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள், உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்த பளீலா. "இஞ்ச தாங்க, நான் தொடச்சித் தாறேன்." வாங்கி, அவன் விரல் அடையாளம் போகும்படி தலைத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

சரசரவென்று சத்தம் கேட்டது.

"புள்ள, நிப்பாட்டு! அந்தத் துணியோடதானே உப்பு வாரின?"

அவள் துணியை உதறினாள். மேசையில் உப்புப் பரல்கள் சிதறின. கறுப்புப் பூச்சில் நூல் நூலாகக் கீறல்கள் ஓடியிருந்தன. கேற்றடியில் ஹாஜியாரின் வாகனம் ஹோர்ன் அடித்தது.

"நான்தான் கீறினேன் எண்டு சொல்றேன்," என்றாள் பளீலா.

"ஆரு கீறினா என்ன புள்ள? நம்ம ரெண்டு பேருக்கும் கைய வுட்டுப் போற வீடு ஒண்டுதானே."